அழித்தவையும் அழியாதவையும்: ஒரு பழைய வன்தட்டு சொன்ன வரலாறு

கடந்த ஆண்டு மார்கழி மாதத்தில் ஒருநாள் இரவு, ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி அழைப்பொன்று வந்தது. "மாமா, அப்பா உங்களுக்கு எழுதின கடிதங்கள் ஏதும் உங்களிட்ட இருக்கா? சுனாமி நேரம் எழுதினதெல்லாம் உங்களுக்குத்தான் அனுப்பினவர் எண்டு அம்மா சொல்லுறா" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

அவளுடைய தந்தை எனது நெடுநாள் நண்பர். நான் பணியாற்றிய பத்திரிகைக்கு மட்டக்களப்பிலிருந்து பல ஆண்டுகள் செய்தி அனுப்பியவர். 2011ஆம் ஆண்டு மாரடைப்பினால் காலமானார். நான் சற்றும் யோசியாமல், "இருக்கு மகள், எல்லாம் பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் அந்தப் பதிலின் பாரம் விளங்கியது. கடிதங்கள் இருந்த இடம், 2009இல் கைவிடப்பட்டு அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த ஒரு பழைய மடிக்கணனி.

கடிதங்கள் குறித்து எனக்கு ஒரு பழைய கவலை உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, எழுபதுகளிலிருந்து நான் சேர்த்து வைத்திருந்த கடிதக் கட்டுகள் வீட்டோடு நின்றுவிட்டன. திரும்பிச் சென்று பார்த்தபோது கறையான் மிச்சம் வைத்திருந்தது கட்டிய நூலை மட்டுமே. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னர், 1981 ஜூன் முதலாம் திகதி விடிவதற்குள் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலானதை அறிந்த தலைமுறை எங்களுடையது. காகிதம் போனால் போனதுதான். ஆகவே, மின்னஞ்சல் புழக்கத்துக்கு வந்தபோது, இனி எரிக்கவும் இயலாது, கறையான் அரிக்கவும் இயலாது என்று நிம்மதியடைந்தவர்களுள் நானும் ஒருவன். இலங்கையில் வணிக முறையிலான இணையச் சேவை தொடங்கியதும் அதே 1995ஆம் ஆண்டில்தான்.

அந்த நிம்மதி எவ்வளவு பிழையானது என்பதையும், அது முழுவதும் பிழையானதல்ல என்பதையும் ஒருங்கே உணர்த்திய அனுபவத்தையே இங்கு பதிவு செய்கிறேன்.

ஒரேயொரு பிரதி

இன்றைய இளையோருக்கு ஒரு விடயத்தை விளக்க வேண்டியிருக்கிறது. இப்போது மின்னஞ்சல்கள் எங்கோ தொலைதூரத்து வழங்கிகளில் இருக்கின்றன; நமது கருவி பழுதடைந்தாலும் அவை போவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறு. ஹொட்மெயில் இலவசமாகத் தந்த இடம் 2 மெகாபைற். யாஹூ தந்தது 4 மெகாபைற். நான்கு புகைப்படங்கள் வந்தால் பெட்டி நிரம்பிவிடும். 2004 ஏப்ரல் முதலாம் திகதி கூகிள் நிறுவனம் 1 கிகாபைற் இடத்துடன் ஜிமெயிலை அறிவித்தபோது, அதை முட்டாள்கள் தினப் பகிடி என்றே பலர் எண்ணினார்கள்.

ஆகவே, எங்களைப் போன்றவர்கள் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற செயலியைப் பயன்படுத்தினோம். தொலைபேசி இணைப்பு கிடைத்ததும் அது வழங்கியிலுள்ள கடிதங்களைக் கணனிக்குள் இறக்கிக்கொள்ளும். நாம் வேறுவிதமாகப் பணித்திராவிட்டால், வழங்கியில் உள்ள பிரதியை அப்போதே நீக்கியும் விடும். தபாற்காரர் கடிதத்தைக் கையில் தந்துவிட்டுச் செல்வதைப் போன்றது அது. அதன் பின்னர் உலகத்தில் அந்தக் கடிதத்துக்கு ஒரேயொரு இருப்பிடம்தான்: நமது மேசையில் உள்ள கணனி.

2003இல் வாங்கிய அந்த மடிக்கணனியில் ஆறு ஆண்டுக் கடிதங்கள் இருந்தன. அவற்றைப் புதிய கணனிக்கு மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் நினைத்துக்கொள்வேன். நினைத்ததோடு சரி.

மின்னிணைப்பைக் கொடுத்து இயக்கிப் பார்த்தேன். திரை ஒளிர்ந்தது. வன்தட்டைக் காணவில்லை என்று ஒரு வரி தோன்றியது. உள்ளேயிருந்து பல்லி சொல்வதைப் போல இடைவிட்டு இடைவிட்டு ஒரு சத்தம். மீண்டும் நிறுத்தி இயக்கினேன். அப்படி நாலைந்து தரம்.

வெள்ளவத்தையில் கணனி திருத்தும் தம்பி ஒருவரிடம் அதை எடுத்துச் சென்றேன். "ஐயா, எத்தனை தரம் போட்டுப் பாத்தனீங்கள்?" என்பதே அவருடைய முதற் கேள்வி. உண்மையைச் சொன்னேன். "இனிப் போடாதேங்கோ. ஒவ்வொரு தரமும் தட்டைச் சுரண்டினாலும் சுரண்டியிருக்கும்" என்றார். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனைப் போல நின்றேன்.

தட்டும் அட்டவணையும்

வன்தட்டு என்ற பொருளின் வரலாறு 1956இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் ஐபிஎம் நிறுவனத்தார் உருவாக்கிய முதலாவது வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. ஒரு தொன் அளவு நிறையுள்ள அந்தக் கருவி 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. எனது மடிக்கணனியிலிருந்த தட்டின் விட்டம் இரண்டரை அங்குலம். கொள்ளளவு 40 கிகாபைற், அதாவது அந்த முதற் கருவியைப் போல 8,000 மடங்கு. தட்டு சுழலும்போது அதன்மீது எழுதி வாசிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. தலைமயிரின் தடிப்பில் சிறு பின்னமேயான இடைவெளியில் காற்றில் மிதக்கிறது. அந்த இடைவெளி தவறினால் முனை தட்டில் உரசும். கொழும்பின் ஈரக் காற்றில் ஆண்டுக்கணக்காக அசையாமல் கிடந்த கருவியில் என்னவும் நிகழ்ந்திருக்கலாம்.

அந்தத் தம்பி இன்னொன்றையும் விளக்கினார். கணனியில் ஒரு கோப்பை நாம் அழிக்கும்போது பொதுவாக அந்தக் கோப்பு அழிவதில்லை. நூலகத்தில் ஒரு நூலின் அட்டவணைச் சீட்டைக் கிழித்துவிட்டு நூலை அலுமாரியிலேயே விட்டுவிடுவதற்கு ஒப்பானது அது. அந்த இடத்தில் வேறு நூலைக் கொண்டுவந்து வைக்கும்வரை பழைய நூல் அங்கேதான் இருக்கும். அட்டவணையே சிதைந்துபோனாலும், பல வகைக் கோப்புகளின் தொடக்கத்தில் அவ்வவ்வகைக்குரிய முத்திரை ஒன்று இருப்பதால், தட்டு முழுவதையும் வரிசையாகத் தடவி அந்த முத்திரைகளைத் தேடி எடுக்க முடியும்.

இதைக் கேட்டபோது, செய்தியாளன் என்ற முறையில் முன்னர் படித்திருந்த இரண்டு நிகழ்வுகள் நினைவுக்கு வந்தன.

வாஷிங்டன் முதல் ரெக்சாஸ் வரை

முதலாவது, 1986ஆம் ஆண்டு நிகழ்வு. ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்று, அதில் கிடைத்த பணத்தை நிக்கரகுவாவின் கொன்ட்ரா கிளர்ச்சியாளருக்குத் திருப்பிய விவகாரம் அந்த நவம்பரில் அம்பலமாகத் தொடங்கியது. அமெரிக்கத் தேசிய பாதுகாப்புச் சபையைச் சேர்ந்த ஜோன் பொயின்டெக்ஸ்ரரும் ஒலிவர் நோர்த்தும் வெள்ளை மாளிகையின் உள்ளக மின்னஞ்சல் முறையில் தாம் எழுதிய செய்திகளை ஆயிரக்கணக்கில் அழித்தார்கள். ஆனால், அந்த முறையின் உள்ளடக்கம் காப்புப் பிரதியாகக் காந்த நாடாக்களில் பதிவாகி வந்தது. அழிக்கப்பட்ட செய்திகள் அந்த நாடாக்களிலிருந்து மீட்கப்பட்டன. 1987 பெப்ரவரியில் வெளிவந்த டவர் ஆணைக்குழு அறிக்கைக்கு அவை முக்கிய சான்றுகளாயின.

கதை அத்துடன் முடியவில்லை. 1989 ஜனவரியில், ரேகன் பதவியிலிருந்து இறங்குவதற்கு முதல் நாள், அந்த நாடாக்கள் அழிக்கப்படுவதைத் தடுக்கக் கோரி ஸ்கொற் ஆம்ஸ்ரோங் என்ற முன்னாள் பத்திரிகையாளரும் தேசிய பாதுகாப்பு ஆவணக்காப்பகம் என்ற தன்னார்வ நிறுவனமும் வழக்குத் தொடுத்தனர். தேவையானவற்றைத் தாளில் அச்சிட்டு வைத்தாலே போதும் என்பது அரச தரப்பின் வாதம். 1993 ஓகஸ்ட் மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. கடிதம் யாரைச் சென்றடைந்தது, எப்போது சென்றடைந்தது என்பன போன்ற விபரங்கள் அச்சுத்தாளில் வராமற் போகலாம். ஆகவே தாள் மூலத்துக்கு ஈடாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இந்தத் தீர்ப்பை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

இரண்டாவது, கொலம்பியா விண்ணோடம். 2003 பெப்ரவரி முதலாம் திகதி பூமிக்குத் திரும்பும் வழியில் அது வானில் சிதறியது. இந்தியாவிற் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் உயிரிழந்தனர். ரெக்சாஸ் மாநிலத்தில் விழுந்த சிதைவுகளுக்குள், கருகி உருகிய நிலையில் ஒரு வன்தட்டு கண்டெடுக்கப்பட்டது. அதில் செனன் என்ற வாயு குறித்து விண்ணில் நடத்திய பரிசோதனையின் தரவுகள் இருந்தன. தட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து வேறொரு கருவியில் பொருத்தி, தரவுகளில் 99 விழுக்காட்டை நிபுணர்கள் மீட்டார்கள். தரவுகள் தட்டின் ஒரு பகுதியில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தமை அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. அந்தப் பரிசோதனையின் முடிவுகள் 2008இல் அறிவியல் ஆய்விதழில் வெளியாயின.

வானத்திலிருந்து விழுந்த தட்டு பேசியதென்றால், அலுமாரியில் கிடந்த தட்டு பேசாதா என்ற நம்பிக்கை எனக்குப் பிறந்தது.

எழுத்து இருந்தும் தமிழ் இல்லை

தம்பி வன்தட்டைக் கழற்றி வேறு கணனியுடன் இணைத்தார். 'டிடிரெஸ்கியூ' என்ற இலவச மென்பொருளைக் கொண்டு பிரதியெடுக்கத் தொடங்கினார். அது இலகுவாக வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குப் பின்னர் திரும்பி வரும். நோயாளியின் அறைக்கு வெளியே காத்திருக்கும் உறவினரைப் போல நான் நாள்தோறும் சென்று விசாரித்தேன். நான்காம் நாள், "ஐயா, முழுக்க வராது. ஆனால் கனக்க வந்திருக்கு" என்றார்.

கடிதப் பெட்டியைத் திறந்தபோது பேரிடி. நண்பரின் பெயர் இருந்தது, திகதி இருந்தது, உள்ளே ஒரு தமிழெழுத்துகூட இல்லை. அரைப்புள்ளியும் பிறைக்குறியும் கலந்த ஆங்கில எழுத்துகளின் குவியல். தட்டு கெட்டுப்போன இடத்திலிருந்து வந்த குப்பை என்றே தம்பி நினைத்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அது பாமினி.

அந்நாட்களில் ஈழத்தவருள் மிகப் பலர் பயன்படுத்திய எழுத்துரு பாமினி. கணனிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துத்தான். பாமினி என்ற முகமூடியை அணிந்தால் அது தமிழாகத் தெரியும். ஒருங்குறி எனப்படும் பொதுக் குறிமுறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், நமது மேசைகளுக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகள் சென்றன. பாமினி மறைந்தால் பாமினியில் எழுதியவை புதைந்துவிடும். ஆனால் நல்லகாலம், புலம்பெயர்ந்த தமிழர்கள் உருவாக்கி இணையத்தில் வைத்த எழுத்துரு மாற்றிகள் இன்றும் உள்ளன. குவியலை ஒரு பக்கத்தில் இட்டேன். மறுபக்கத்தில் எனது நண்பர் பேசத் தொடங்கினார்.

தலைக்குறிப்பு தந்த தீர்ப்பு

2004 டிசெம்பர் 26ஆம் திகதி, போயா தினமான ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணியளவில் ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கியது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடி என்ற நிலத்துண்டு துடைத்தெறியப்பட்டது.

எனது நண்பரின் செய்தி டிசெம்பர் 29ஆம் திகதி இரவுதான் எனக்குக் கிடைத்தது. அதற்குள் வெளிநாட்டு முகவர் நிறுவனங்களின் செய்திகளைக் கொண்டு நாங்கள் மூன்று நாள் பத்திரிகையை நிரப்பிவிட்டோம். அவர் பிந்திவிட்டார் என்பதே இருபது ஆண்டுகளாக எனது மனதிலிருந்த நினைவு. அந்தக் கடிதத்தின் அச்சுப்பிரதி ஒன்றைக்கூட அலுவலகத்தில் எடுத்திருந்தேன். அதிலும் வந்துசேர்ந்த திகதியைப் பேனையால் 29 என்றே குறித்திருந்தேன்.

மின்னஞ்சல் ஒவ்வொன்றிலும் நம் கண்ணுக்குச் சாதாரணமாகப் படாத தலைக்குறிப்பு உண்டு. எழுதியவரின் கணனி இட்ட நேரமும், வழியில் ஒவ்வொரு வழங்கியும் அதைக் கையேற்ற நேரமும் அதில் பதிவாகியிருக்கும். மீட்கப்பட்ட கடிதத்தின் தலைக்குறிப்பை நான் முதன்முறையாக வாசித்தேன். அனுப்பும் பொத்தானை அவர் அழுத்திய நேரம் டிசெம்பர் 27, அதிகாலை 2.40. கிறீன்விச்சுக்கு ஆறு மணித்தியாலம் முந்திய நேரமென்று அருகிற் குறிப்பிருந்தது. 2006 ஏப்ரல் வரை இலங்கையின் நேரம் அதுவே. முதலாவது வழங்கி அதைக் கையேற்றதோ 29ஆம் திகதி மாலை. இடைப்பட்ட இரண்டரை நாட்கள் தொலைபேசி இணைப்பின்றி, கடிதம் அவருடைய கணனியின் வெளிச்செல்லும் பெட்டியில் காத்துக் கிடந்திருக்கிறது. அவருடைய கணனியின் கடிகாரம் பிழையாக இருந்திருக்குமோ என்று அதே மாதத்து வேறு கடிதங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சில நிமிட வித்தியாசம்கூட இல்லை.

அலை வந்து பதினெட்டு மணித்தியாலங்கள் முடிவதற்குள், மின்பிறப்பாக்கி இயங்கிய ஏதோவோர் அலுவலகத்தில் அமர்ந்து அவர் அதை எழுதியிருக்கிறார். செய்தியின் கீழே, நாவலடியில் தாம் கண்டவர்களும் உறவினர் சொல்லக் கேட்டவர்களுமாக நாற்பதுக்கு மேற்பட்ட இறந்தோரின் பெயர்களும் வயதும் வரிசையாக இருந்தன. நாங்கள் அதைப் பிரசுரிக்கவில்லை. உட்பக்கத்தில் ஒரு தொகையை மாத்திரம் வெளியிட்டோம்.

இன்னொன்றும் மீண்டு வந்தது. அது நான் அனுப்பிய பதில். 'மூன்று நாள் பிந்திய செய்தியை வைத்து நான் என்ன செய்வது?' என்ற ஒரே வரி. அதை எழுதியதை நான் முற்றாக மறந்திருந்தேன். அதற்கு அவர் விளக்கம் எதுவும் எழுதவில்லை. மறுநாள் அடுத்த செய்தியை அனுப்பியிருந்தார்.

1993இல் வாஷிங்டன் நீதிபதிகள் சொன்னதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது. எனது அச்சுத்தாள் அவரைக் குற்றவாளியாக்கியது. மூலக் கடிதம் என்னைக் குற்றவாளியாக்கியது.

காப்பாற்றப்பட வேண்டிய வாக்கு

மீட்கப்பட்டவற்றின் பட்டியலைத் தம்பி காட்டியபோது வேறொரு பெயரும் கண்ணில் பட்டது. 2006இல், அரச திணைக்களம் ஒன்றைச் சேர்ந்த ஒருவர் எனக்கு ஒரு தகவலை அனுப்பி, வாசித்ததும் அழித்துவிடும்படி கேட்டிருந்தார். அன்றிரவே அழித்தேன், குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கினேன், "அழித்துவிட்டேன்" என்று அவருக்கு வாக்கும் கொடுத்தேன். அந்தக் கடிதம் எதுவும் நடவாததுபோலப் பட்டியலில் இருந்தது. நோர்த் அழித்ததாக நினைத்ததைப் போலவே நானும் நினைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் இந்தக் கணனி ஒரு சோதனைச் சாவடியில் பறிபோயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எண்ண இப்போதும் உடல் நடுங்குகிறது.

வரலாற்றில் ஈடுபாடுள்ளவன் என்ற வகையில் அதைப் பாதுகாக்க வேண்டும் என்ற ஆசை எழுந்தது உண்மை. ஆனால் அந்த ஆவணம் என்னுடையதல்ல. நான் கொடுத்த வாக்குத்தான் என்னுடையது. கடிதத்தைத் திறக்கவில்லை. நண்பரின் கடிதங்களையும் எனது சொந்தக் கடிதங்கள் சிலவற்றையும் வேறாக்கிக்கொண்டு, தம்பியின் கணனியிலிருந்த முழுப் பிரதியையும் வேறு தரவுகளால் மேலெழுதி அழிக்கச் செய்தேன். பழுதடைந்த தட்டில் மேலெழுத முடியாத பகுதிகள் இருக்குமென்பதால் அதை என் முன்னிலையிலேயே உடைக்கச் சொன்னேன். மடிக்கணனித் தட்டுகள் பெரும்பாலும் கண்ணாடியால் ஆனவை. சுத்தியலின் இரண்டாவது அடியில் நொறுங்கியது.

நண்பரின் கடிதங்களைத் தலைக்குறிப்புகளோடு அவருடைய மகளுக்கு அனுப்பினேன். எனது அந்த ஒரு வரிப் பதிலையும் மறைக்காமல் சேர்த்தேன். இரண்டு நாட்களின் பின் அவள் அழைத்தாள். "அப்பா அண்டைக்கு விடியப்புறம்தான் வீட்ட வந்தவர் எண்டு அம்மா சொல்லுறவ, மாமா. எங்க இருந்தவர் எண்டு இப்பதான் தெரியுது" என்றாள். எனது பதிலைப் பற்றி அவளும் எதுவும் சொல்லவில்லை. தந்தையின் குணம்.

1844இல் மோர்ஸ் அனுப்பிய தந்தியின் காகித நாடா அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இன்றும் பேணப்படுகிறது. 1971இல் ரே ரொம்லின்சன் அருகருகே இருந்த இரண்டு கணனிகளுக்கிடையில் அனுப்பிய முதலாவது வலையமைப்பு மின்னஞ்சலோ எவரிடமும் இல்லை. அதில் என்ன எழுதினார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. நமது காலத்துக் கடிதங்களின் விதி அப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

ஆகவே, இதை வாசிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரிகளிலும் பழைய கணனிகள் கிடக்கும். இறந்துபோன தகப்பனின், அண்ணனின், நண்பனின் கடிதங்கள் பாமினியில் அவற்றுக்குள் உறங்கும். சத்தம் கேட்டால் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். மீட்டவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, தலைக்குறிப்புடன், இரண்டு வேறு இடங்களில் வைத்திருங்கள். அழிப்பதாக எவருக்காவது வாக்குக் கொடுத்திருந்தால், அது உண்மையில் அழிந்ததா என்றும் பாருங்கள்.

நாவலடிப் பெயர்ப் பட்டியலை நண்பரின் மகள் தட்டெழுதி ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறாள். உறவினர்களின் சம்மதம் பெற்ற பெயர்களை, அவர் எழுதிய வரிசையிலேயே, அவருடைய பெயரோடு விரைவில் வெளியிடுவோம். இம்முறை பிந்தியவன் நான்.